ஸ்திரீபார்ட்டுக் குரல்

இல்லீங்க வாத்தியாரே, மறுபடியும் மேடையேறச் சொல்லாதீங்க. ரந்தாவ்லேருந்து இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க, உக்காந்து ஒரு கோப்பி குடிங்க. ராணி வேஷம் கட்ட வேற ஆளப் பாருங்க. இந்தக் கணேசமூர்த்தி ஸ்திரீபார்ட்ட விட்டு ஏழு வருஷமாச்சுலா.

என்னது, பாட மட்டுமா? திரைக்குப் பின்னால நின்னா? அதுவும் வேணாங்க.

ஆனா ஒண்ணு கேட்டீங்க பாருங்க, ஆம்பளைக்கு எப்படி அவ்வளவு சுத்தமான குரல் வந்துச்சுன்னு, அதச் சொல்றேன். எல்லாரும் மொதல்ல தொண்டைய இறுக்குவாங்க. இறுக்கினா பொம்பளக் குரல் வராது, பூனைக் குரல்தான் வரும். மூச்சு அடிவயித்துல நிக்கணும். தாடை தளர்ந்து தொங்கணும். சுரத்தப் பிடிச்சா ஆட்டக் கூடாது. ரப்பர் மரத்துல வெட்டு வாயிலேருந்து பால் எறங்குதுல்ல, அந்த மாதிரி அறாம எறங்கணும். அப்புறம் வார்த்தை. நம்மாளுங்க கடைசி எழுத்த முழுங்கிடுவாங்க. அப்ப மைக்கு ஏது? கடைசியில கள்ளு குடிச்சிட்டு உக்காந்திருக்கறவன் காதுலயும் ஒவ்வொரு எழுத்தும் போயி விழணும்.

யாரு சொல்லிக் கொடுத்ததா? யாருமில்லீங்க. கேட்டுத் திருடுனதுதான். எங்க நாடக செட்டுல ஆர்மோனியம் வாசிச்ச சன்னாசி இருந்தானே, அவன் பொண்டாட்டி செல்லம்மா. தோட்டத்துல எனக்குப் பக்கத்து மர நெறையிலதான் பாலுக்கு மரம் வெட்டுவா. பாடிக்கிட்டே வெட்டுவா. தான் பாடறதே அவளுக்குத் தெரியாது. வார்த்தைக்கு நடுவுல மூச்சே வாங்க மாட்டா. நாலு வருஷம் கத்தியக் கையில வச்சிக்கிட்டு அதத்தான் கேட்டேன். மேடையில நான் வாயத் தெறந்தா சன்னாசிக்குச் சிரிப்பு தாங்காது. டேய் மூர்த்தி, வீட்லயும் அவ, இங்கயும் அவளாடாம்பான்.

ஆமா, நீங்க கேள்விப்பட்ட அதே சன்னாசிதான். தொழிலாளர் சங்கத்துல இருந்தான். அவசரகாலச் சட்டம் போட்டு சங்கத்த மூடுனாங்க, இவனப் பிடிக்க வந்தாங்க, காட்டுக்குள்ள போயிட்டான். மூணு வருஷம். எங்களக் கம்பி வேலிக்குள்ள அடைச்சுட்டாங்க. வேலைக்குப் போறப்ப கேட்டுல சோதனை. காட்டுல இருக்கறவங்களுக்குப் போயிடும்னு ஒரு பிடி அரிசி வெளிய போகக் கூடாது.

ஆனாலும் போச்சு. நான்தான் கொண்டு போனேன். பால் வாளிக்குள்ள, துணியில சுத்தி. கூட்டாளி பட்டினி கெடக்கறான்ல? மூணாந்தடவ மாட்டிக்கிட்டேன். சிரம்பானுக்குக் கொண்டு போனாங்க. வெள்ளக்கார ஆபீசரு ஒருத்தன், அவன் பேசறதத் தமிழ்ல சொல்ல ஒருத்தன். அஞ்சு வருஷம் ஜெயிலு, அப்புறம் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவோம்னான். எந்த ஊருக்கு? நான் பொறந்ததே இந்தத் தோட்டத்து லயத்துலதான. எம் பொண்டாட்டி மங்கம்மா அப்ப ஏழு மாசம் முழுகாம இருந்தா.

அன்னிக்கே செல்லம்மாவையும் லோரியில கொண்டாந்தாங்க. ஒலிபெருக்கியில பேசி புருஷன வெளிய வரச் சொல்லு, வந்தா ஒண்ணும் செய்ய மாட்டோம்னாங்க. எழுதின காகிதத்த நீட்டுனாங்க. அவ அதத் திரும்பியும் பாக்கல. மாட்டேன்னுட்டா. அடிச்சாங்க. அப்பவும் மாட்டேன்னா. லாக்கப்புல போட்டுப் பூட்டிட்டாங்க.

மறுநாள் மத்தியானம் காட்டோரமா லோரி வந்து நின்னுச்சு. செல்லம்மா குரல் கேட்டுச்சு. வந்துடுங்க, நான் தனியாத்தான் நிக்கிறேன்னு. அப்புறம் மரம் வெட்டறப்ப அவ பாடற பாட்டு, ரெண்டு வரி. லயத்துச் சனமே கேட்டுச்சு. சன்னாசி வந்தான். கை ரெண்டையும் தூக்கிக்கிட்டு, எலும்பும் தோலுமா, சிரிச்ச மொகமா வந்தான். சுட்டுட்டாங்க. தப்பி ஓடப் பாத்தான்னு பேப்பர்ல போட்டாங்க.

அவள விட்டுட்டாங்க, பத்து நாள் கழிச்சு. வந்து என்ன? பைப்படியில அவ கொடத்த ஒதுக்கி வச்சாங்க. புருஷனக் கூப்பிட்டுக் கொடுத்தவன்னு மொகத்துக்கு நேரா சொன்னாங்க. நான் கூப்பிடலன்னு அழுதா. யாரு நம்புவா? எல்லாரும் காதால கேட்டதாச்சே.

என்ன கேட்டீங்க? அவன் சிரிச்சத நான் எப்படிப் பாத்தேனா?

லோரிக்குள்ளதான இருந்தேன் வாத்தியாரே. மைக்கு என் கையிலதான இருந்துச்சு. தமிழ்ல சொல்ல வந்தவன் எங்க நாடகத்தப் பாத்திருக்கான். நீதான அந்த ராணின்னு கேட்டான்.

நம்பினேனா? ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு நம்பினதாத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

கோப்பிய வச்சிட்டீங்களே. பரவால்ல, வைங்க. அவகிட்டப் போயி சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. இனிமே அவ நம்புவாளான்னுதான் தெரியல. போன மாசம் இங்க வந்து மங்கம்மாகிட்டக் கேட்டா, அடி வாங்குன மயக்கத்துல ஒருவேள நான்தான் கூப்பிட்டுட்டேனா அக்கான்னு. நான் இந்த எடத்துலதான் உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தேன். தட்டுல இருந்தத முழுசாத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன்.