பனிக்கே சாகாத கொடி

ஈப்போவில் ரயில் ஏறிய ஒருவர், மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். வேட்டி நனைந்து தரையில் சொட்டியது. அவர் பக்கத்தில் இருந்தவள் பால்வெட்டுக்காரி. விரல்களில் ரப்பர்ப் பால் காய்ந்திருந்தது. அவள்தான் கேட்டாள்.

“யாருக்குண்ணே ஐஸு?”

“திராட்சைக் கொடிக்கு, தங்கச்சி. வேருல வைக்கணும்.”

“கொடிக்கா?”

“சுங்கை சிப்புட்ல துரை பங்களாவுல தோட்டவேலை எனக்கு. வீட்டுலயே வைன் போடணும்னு துரைக்கு ஆசை. வெயில் நாட்டுக் கொடி ஒண்ணு இருக்கு, பனி கொட்டினாலும் சாகாத கொடி ஒண்ணு இருக்கு, எத வரவழைக்கலாம்னு என்னைக் கேட்டாரு. பனிக்கே சாகாதது வெயிலுக்கா சாகும்னு நான்தான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“கப்பல்ல வந்ததெல்லாம் காஞ்சிருச்சு. ஒண்ணுதான் மிச்சம். குளிர் வந்தாத்தான் அது தூங்குமாம், தூங்கினாத்தான் காய்க்குமாம். இங்க குளிருக்கு எங்க போறது?”

“ஐஸு வச்சாப் பொழைக்குமா?”

“பொழைக்காது லா. சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

அவள் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அக்காவையும் இப்படித்தாண்ணே கங்காணி பொறுக்கினாரு. ஊருல பஞ்சத்துக்கே சாகாதவ, தோட்டத்துக்கு வந்தா சாவாளான்னாரு.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“வந்த வருசமே காச்சல்ல போயிட்டா. நெத்தியில ஐஸு வைக்கச் சொன்னாரு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரு. எங்களுக்கு யாருண்ணே குடுப்பா?”