பிரேபன் வீட்டு லேத்தின் பேரிங்

பேரிங்கில் கிரீஸை அள்ளி அப்புகிறவர்கள்தான் அதிகம், மேடம். கூடினால் சூடேறும். கொஞ்சம் போதும்.

பிரேபனுக்கு அதுவும் தெரியாது. படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவன். ஓய்வுபெற்றதும் பழைய சின்ன லேத் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் வைத்து, பொம்மை நீராவி எஞ்சின் செய்யத் தொடங்கினான். அதில் சுழலும் தண்டு, ஸ்பிண்டில், கடகடத்தது. நான் ஃபிட்டர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கூப்பிட்டான்.

இரண்டு பேரிங்கையும் மாற்றி, நட்டை அளவாக முடுக்கிக் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. காப்பி கொடுத்தான். மதியம்வரை பேசினோம். என் மனைவி இறந்து நான்கு மாதம். அதுவரை நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

நன்றாகப் போட்ட பேரிங் பத்து வருஷம் ஓடும். அதுதான் சிக்கல்.

அடுத்த வாரமே, சும்மா பார்ப்பதாகச் சொல்லிப் போய், கிரீஸில் ஒரு சிட்டிகை எமரி தூள், இரும்பையே அராவும் தூள், கலந்தேன். நான்கே மாதத்தில் போன் வந்தது.

"டாக்டரே, உன் நோயாளி மறுபடி முனகுது. வந்து தொலைடா."

ஒன்பது வருஷம் இப்படி. ஒருமுறை வெறுத்துப்போய், "இந்தச் சனியனைக் கடல்ல தூக்கிப் போடப்போறேன் ஐவின்" என்றான். மெஷின்மேல் தப்பில்லை, உன் கைதான் முரடு என்றேன். முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது.

போன மார்ச்சில் அவன் மகள் ஸோல்வாய் புது லேத் வாங்கிக் கொடுத்தாள்.

"இனிமே உனக்குத் தொந்தரவே இல்லடா. மூணு வருஷ கேரண்டி, கம்பெனி ஆளே வருவான். பழசை விக்கப்போறேன், கடைசியா ஒருதடவை பார்த்துக் கொடு."

சந்தோஷமாகச் சொன்னான்.

தூளைக் கைநிறையப் போட்டேன். நட்டைக் கால் சுற்று அதிகம் இறுக்கினேன். வாங்க வருகிறவன் கண்முன்னே சூடேறி, வியாபாரம் முறியட்டும் என்றுதான். ஆனால் வந்தவனுக்குக் காட்ட, பிரேபன் முழு வேகத்தில் விட்டான். ஸ்பிண்டில் இறுகிப் பட்டென்று நின்றது. அதன் முனையில் திருகி மாட்டிய, வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக் நிற்கவில்லை. இரண்டு கிலோ இரும்பு. மரையைக் கழற்றிக்கொண்டு பறந்து அவன் முகத்தில் அடித்தது.

அப்படிப் பறக்கும் என்று எந்த ஃபிட்டருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஏன் வாசலோரம் ஒதுங்கி நின்றேன் என்று கேட்கிறீர்கள். பழக்கம்தான்.

கிரீஸைச் சோதனைக்கு அனுப்பியதாகச் சொன்னீர்கள். வீண் செலவு. எமரிதான்.

இரண்டு கண்ணும் போய்விட்டது. மகள் வடக்கே இருக்கிறாள், அடிக்கடி வரமுடியாது. இப்போது தினமும் நான்தான் போகிறேன். சவரம் செய்துவிட்டு, ரொட்டியில் மீன் வைத்துக் கையில் கொடுக்கிறேன். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்னடா ஆவேன்" என்றான்.

அதை அவன் வாயாலேயே கேட்டேன், மேடம்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். காத்துக்கொண்டிருப்பான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?