ஐந்தாவது வரி

சின்ன எழுத்தைப் படிக்க எனக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. அதனால் இந்த வாக்குமூலத்தை வேறு யாரும் எழுத வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, நானே எழுதித் தருகிறேன்.

நான் மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயது தாண்டித்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். குடோனில் பன்னிரண்டு பேர். படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மாத்திரை அட்டையை என்னிடம்தான் நீட்டுவார்கள். டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து முதுகில் மூட்டை பாதிக் கனம்தான்.

என் மனைவியின் தம்பியும் அங்கேதான் வேலை. அவனுக்கு இடுப்பு வலி. காலை ஒன்று, மாலை ஒன்று வலி மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் போட்டால் சீக்கிரம் கேட்கும் என்றும் சொன்னேன். ஆறு மாதம் குதிரை மாதிரி உழைத்தான். பிறகு ஒருநாள் ஓரமாக வந்து, "மச்சான், வெளிக்குப் போனா தார் மாதிரி கருப்பா போகுது" என்றான்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போகும் என்று ஒரு தாளில் படித்திருந்தேன். அதனால்தான் என்றேன்.

"நான் அந்த மாத்திரையே சாப்பிடலையே?"

நியாயமான கேள்வி. அன்று மாலையே ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தேன். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது.

பத்தாம் நாள் மூட்டையோடு உட்கார்ந்து, காப்பித் தூள் நிறத்தில் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, வலி மாத்திரை சாப்பிடுவாரா என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் இல்லை என்றேன். குடோன் ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். ரத்தம் ஏற்றி, வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டார்கள். இரைப்பையில் புண், அதில் ரத்தம் கசிந்தது. அந்தக் குழாய் வழியாகவே சின்னக் கிளிப்பை அனுப்பிக் கவ்வ வைத்தார்கள். வேலை தெரிந்தவர்கள்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டை அவன் பெண்சாதி என்னிடம் நீட்டினாள். "ஒண்ணு விடாம படிங்கண்ணே."

படித்தேன். புண்ணுக்கான மாத்திரை வேளைக்கு. காரம் கூடாது. பீடி கூடாது. ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினாள். கட்டைவிரல் நீட்டியபடியே நின்றது.

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதாம்மா."

மாதம் முடிந்து வேலைக்கு வந்தான். மறுபடி இடுப்பு வலி. மாத்திரை போடலாமா என்று கேட்டான். கொடுக்காவிட்டால் முன்பு கொடுத்ததெல்லாம் தப்பென்று ஆகிவிடும். கொடுத்தேன். மூன்றாவது வாரம் மறுபடி அதே வாந்தி. ஆஸ்பத்திரியில் குழாய் விடுவதற்குள்ளேயே உயிர் போய்விட்டது.

படிக்கத் தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடு, தண்டனை குறையும் என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அதை மட்டும் எழுத மாட்டேன். 'வலி மாத்திரை இனி ஒருபோதும் கூடாது' என்று ஐந்தாவது வரியில் இருந்தது, அடியில் கோடும் போட்டிருந்தது. ஓர் எழுத்துக்கூடத் தடுக்காமல், மனசுக்குள் படித்தேன்.