பீச்சாங்கை வில்லு

முன்னாடியே உக்காருங்க சார். பின்னாடி வேணாம். பின் சீட்ல அம்புக் கட்டு கெடக்கு, என் வீட்டுக்காரி ஓரம் தைக்கக் கொண்டுவந்த துணி மூட்டை கெடக்கு. இங்கயே, என் பக்கத்துல உக்காருங்க. இந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும். பெல்ட்டைக் கொஞ்சம் வெடுக்குனு இழுக்கணும், பழைய வண்டி. கண்ணாடி எறங்கியே இருக்கட்டும். ஏசி வேலை செய்யுது, செய்யாம இல்ல. எனக்கு வெளிச் சத்தம் கேக்கணும், அவ்வளவுதான். பஸ் ஓட்டிப் பழகிருச்சு.

ஆமா, பஸ் டிரைவர்தான். கம்பெனி பஸ். ஷிப்டுக்குப் போறவங்களை ஏத்திக் கொண்டு விட்டுட்டு, முடிச்சவங்களை ஏத்திக்கிட்டு வரணும். போன்ல நான் சொல்லலையே, எப்படிக் கண்டுபுடிச்சீங்க? ஓ, சட்டையா. கழட்ட மறந்துட்டேன் பாருங்க.

அப்ப நீங்க நெஜமாவே பீச்சாங்கைதானா? நீங்க சொன்னப்ப முழுசா நம்பலை சார். தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். வில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அம்பு வைக்கிற திட்டு தப்புப் பக்கம் இருக்கே, செஞ்சவன் தூக்கக் கலக்கத்துல செஞ்சானான்னு கேக்கறார். இது இடது கையால நாண் இழுக்கறவங்களுக்குன்னே செஞ்ச வில்லுங்கன்னேன். அப்படியும் உண்டாங்கறார். டீயைக் குடுத்து அனுப்பிட்டேன். அதான் பஸ் ஸ்டாண்டுல நீங்க எறங்கினதும், பையை எந்தக் கையில தூக்கறீங்கன்னு பார்த்துக்கிட்டே நின்னேன். மனசு குளுந்து போச்சு.

அடி வாங்கியிருப்பீங்களே சின்ன வயசுல? நான் வாங்காத அடி இல்ல. சோத்துக் கை எது தெரியாதாடான்னு அப்பா ஒரு பக்கம், ஸ்கேலால வாத்தியார் ஒரு பக்கம். நீங்களே வாத்தியாரா? அப்ப அந்தப் பேச்சை விட்டுருவோம்.

என்கிட்ட இருக்கற ஏழும் இடது கை வில்லுதான் சார். வலது கை வில்லு சும்மா குடுத்தாலும் தொடமாட்டேன். அந்தக் காலத்துல கட்டுக் கட்டா செஞ்சா அதுல ஒண்ணோ ரெண்டோதான் நம்ம ஆளுங்களுக்கு. அதையும் வாங்க ஆளில்லாம கடைக்காரன் பரண்ல போட்டுருவான். மூடிப்போன கிளப்பு, இடிக்கப்போற கடை, எங்க தேடினாலும் நமக்குக் கெடைக்கறது நாண்கூட ஏத்தாத வில்லா இருக்கும். மரமும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்கா ஒட்டினது, நுனி ரெண்டும் அப்படியே வெளிப்பக்கமா வளைஞ்சு, மேல தூசி. தொடச்சா முகம் தெரியும். வலது கைக்காரனுங்க அவங்களுதை அடிச்சு அடிச்சு ஒடச்சுட்டாங்க. நம்மளுது பத்திரமா இருக்கு.

சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு, படுக்கவெச்ச மாதிரி மாட்டியிருக்கேன். மூலையில சாய்ச்சு வெச்சா முறுக்கிக்கும். என் வீட்டுக்காரிக்கு அந்த ஆணியைப் பார்த்தா ஈரத் துண்டு ஞாபகம்தான் வரும். அதுக்கு ஒரு தடவை ரெண்டு நாள் பேசாம இருந்தோம். அதெல்லாம் நல்ல சண்டை சார்.

இல்ல இல்ல, வழி தப்பலை. இடது பக்கமே திரும்பறேன்னு பார்க்கறீங்களா? பீச்சாங்கைக்காரன் வேற எந்தப் பக்கம் திரும்புவான். சிரிக்கறீங்க. நெஜமாத்தான், இங்க வலது பக்கம் திரும்பினா நேரா வீட்டுக்குப் போயிரலாம். நான் தாண்டிப் போய் மூணு எடது திரும்பி அதே ரோட்டைப் புடிப்பேன். கொஞ்சம் சுத்து. ஆனா நெரிசல் இல்லாத வழி. இந்த மாதிரி ரோட்டுல பேசிக்கிட்டே போலாம்.

நீங்க கேட்டீங்களே அந்தக் கருப்பு மர வில்லு, போட்டோவுல நடுவுல இருந்தது, அதுக்கு நான் வெச்ச பேரு மாமியார். பேரு ஏன் வந்துச்சுன்னு அப்பறம் சொல்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க, நாண் ஏத்தறதுக்குக் கயிறு வெச்சிருக்கீங்களா? ரெண்டு முனையிலயும் தோல் குல்லா இருக்குமே, வில்லு நுனியில மாட்டி, கயித்தை மிதிச்சு, வில்லை மேல தூக்கறது. இல்லையா? அப்ப எப்படி ஏத்தறீங்க? காலுக்கு நடுவுல விட்டு வளைச்சா?

சார், வாத்தியார்னு பார்க்காம சொல்றேன், இனிமே அதைச் செய்யாதீங்க. முறுக்கிக்கும்ங்கறது ஒரு பக்கம். கை வழுக்கினா அந்த நுனி எங்க வரும்னு யோசிச்சீங்களா? உங்க முகம் அதுக்கு நேராத்தான் குனிஞ்சிருக்கும். என் கயித்தைத் தர்றேன், வில்லோட சேர்த்து எடுத்துக்கிட்டுப் போங்க. கயிறு வாங்கலைன்னா வில்லு குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

கோவமெல்லாம் இல்ல சார். கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன், அவ்வளவுதான்.

ஏன் விக்கறேன்னு கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறாங்க. கொஞ்ச மாசமா நான் அடிக்கற அம்பெல்லாம் வலது பக்கமா ஒரு ஆள் தள்ளிப் போய் விழுது. இருபத்தஞ்சு வருஷமா நடுவுல அடிச்சவன். கிளப்புல ஒவ்வொருத்தனும் ஒண்ணு சொல்றான். நாண் சரியில்லங்கறான், அம்பு ரொம்ப வளையுதுங்கறான், வில்லு முறுக்கிக்கிச்சு, சுடுதண்ணி ஊத்தி நிமித்துங்கறான். நான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன். நீங்க பயப்படாதீங்க, வில்லு நேராத்தான் இருக்கு. நாணைப் புடிச்சு நடுவுல பார்த்தீங்கன்னா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். கோணல் வில்லுல இல்ல.

வலது கையாலயும் முயற்சி பண்ணிப் பார்த்தேன் சார், சிரிக்காதீங்க. ஒருத்தன்கிட்ட அவனோட வில்லை எரவல் வாங்கிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னாடி சாக்கு மூட்டையைக் கட்டி அடிச்சேன். பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்குல ஓட்டை. மேஸ்திரி வந்து அடைச்சுக் குடுத்துட்டுப் போனார். இதுக்கு மேல வேணாம்னு விட்டுட்டேன்.

அட, இது என்ன. ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானே. காலையில வரைக்கும் ஒண்ணும் இல்ல. அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு, படிங்க. இடது பக்கம் வழி இல்லையா? சந்தாவது இருக்கும் பாருங்க. இல்லையா.

சரி. அப்ப பெரிய சந்திப்புக்குத்தான் போகணும். பரவால்ல. போலாம். மெதுவாப் போலாம்.

நீங்க அதிகமாப் பேச மாட்டீங்களோ? பள்ளிக்கூடத்துல பேசிப் பேசி சலிச்சிருக்கும். என் பஸ்ல ஒரு வெல்டர் அண்ணன் வருவார், உங்களுக்கு நேர் எதிர். எப்பவும் எனக்கு இடது பக்கம், முன் சீட்டு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து, ரோட்டைப் பார்த்து விடாம சொல்லிக்கிட்டே வருவார். சைக்கிள் ஒண்ணு வருது, போலாம் போலாம், இரு இரு லாரி, இப்ப எடு. மொதல்ல எனக்குக் கடுப்பா இருக்கும், டிரைவர் நீங்களா நானான்னு கேட்டிருக்கேன். அப்பறம் பார்த்தா அவர் இல்லாம எனக்கு ஓடாதுன்னு ஆகிப்போச்சு. லீவு போட்டார்னா அன்னைக்கு முழுக்க உருட்டிக்கிட்டுத்தான் போவேன். போன வெள்ளிக்கிழமையோட ரிட்டயர் ஆயிட்டார். மாலை போட்டு அனுப்பினாங்க. எல்லாரும் கை தட்டறாங்க, நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு அழுதேன் சார். டிரைவருக்கு என்ன பாசம் பாருன்னு பேசிக்கிட்டாங்க. இப்ப அந்த சீட்ல பேக்கிங் செக்‌ஷன் பொண்ணு ஒண்ணு உக்காருது. ஏறினதும் காதுல மாட்டிக்கும், கண்ணை மூடிக்கும். பாவம், அதுக்குத் தூக்கம்.

வீட்டுக்காரி பேசறதில்ல. இது பழைய சண்டை மாதிரி இல்ல. சாப்பிடறப்ப எனக்கு இடது பக்கம்தான் உக்காருவா, கல்யாணம் ஆன நாள்லருந்து. தண்ணியை நீட்டிக்கிட்டே இருந்திருக்கா, நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கேன். டம்ளரை நங்குனு வெச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டா. நான் பக்கத்துல நிக்கறதுகூட உங்க கண்ணுக்குத் தெரியலையான்னு கேட்டா. தெரியலைம்மான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. வேலை அலுப்புன்னு சொன்னேன். இப்ப வேற எதையோ சந்தேகப்படறா. படட்டும்னு விட்டுட்டேன். என்ன புருஷன் நான்.

வில்லை இழுத்துப் புடிச்சிருக்கறப்ப கவனிச்சிருப்பீங்க. அம்பில்லாம சும்மா இழுத்துப் பார்த்தோம்னு வைங்க, விடவும் முடியாது. வெறும் நாணை விட்டா வில்லு ஒட்டு விட்டுத் தெறிச்சுரும், அதுவும் பழசு. புடிச்சுக்கிட்டே நிக்கவும் முடியாது, தோள் ஒதறும். ஒரே வழிதான். அவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா, வந்த வழியே திருப்பிக் கொண்டுபோய் விடணும். இழுக்கறதைவிட அதுதான் சார் கஷ்டம். நெறையப் பேரு அதைப் பழகறதே இல்ல. நானும் பழகலை.

வந்துருச்சு சந்திப்பு. சிக்னல் கெடையாது இங்க. வலது பக்கம் திரும்பணும்.

என் பக்கம் காலியாத்தான் இருக்கு. உங்க பக்கம் பாருங்க சார். ஏதாவது வருதா?

சும்மா, பார்த்துச் சொல்லுங்களேன்.

என்னையே பார்க்கறீங்களே. ரோட்டைப் பாருங்க சார்.

எனக்கு இடது கண்ணுல ஒண்ணும் தெரியாது, வெளியே இருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உள்ளதான் திரை கிழிஞ்சுருச்சாம், வெளியூர் டாக்டர் சொன்னார். அந்த மாமியார் வில்லு போட்ட அறை. அதுக்கு முன்னாடி அதுக்குப் பேரே கெடையாது. கயித்தை ஒருத்தருக்கு எரவல் குடுத்திருந்தேன். வெளிச்சம் போறதுக்குள்ள நாலு அம்பு அடிக்கணும்னு அவசரம். ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒரே ஒரு நாள் காலுக்கு நடுவுல விட்டு வளைச்சேன். வீட்ல, பஸ் பேனட் மூடி பட்டுருச்சுன்னு சொல்லிவெச்சேன். வில்லுன்னு தெரிஞ்சா அன்னைக்கே அத்தனையும் அடுப்புக்குப் போயிருக்கும், கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா என் சாவியும் அவ கைக்குப் போயிருக்கும். கம்பெனியில கண்ணு பரிசோதனை வந்துச்சு. ஒரு கண்ணை மூடிப் படின்னார், படிச்சேன். இன்னொண்ணை மூடுன்னார். கையை மாத்தினேன் சார், கண்ணை மாத்தலை. அவர் எழுத்துப் பலகையைத்தான் பார்த்துக்கிட்டு நின்னார், என்னைப் பார்க்கலை. பாஸ்னு முத்திரை குத்திக் குடுத்தார். எனக்கு வேற தொழில் தெரியாது சார்.

எனக்குத் தெரியும். நாப்பது பேரு ஏறுறாங்க. தெரியாமலா ஓட்டறேன். நாளைக்குக் காலையில பஸ்ஸோட இதே எடத்துல வந்து நிப்பேன். இடது பக்கம்தான் ரோட்டைத் தோண்டிட்டானே. அந்தப் பொண்ணு தூங்கிக்கிட்டு இருக்கும்.

கதவைத் தொறக்காதீங்க சார். எறங்கிப் போயிராதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன். வில்லை எடுத்துக்கோங்க, ஏழையும் எடுத்துக்கோங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறான் பாருங்க. என்னால முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் போக முடியாது. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

வருதா சார், வரலையா?