மலேசியாவுக்காக ஒரு கல்யாணம்

ஒட்டுக்கேட்கிற புத்தியால் நான் கெட்டது இது முதல் தடவை இல்லை. ரெட்டியார்சத்திரத்துக்கு என்று கண்டக்டரிடம் உரக்கச் சொல்லி டிக்கெட் வாங்கிவிட்டு, அதையும் தாண்டிக் கன்னிவாடி வரைக்கும் பஸ்ஸில் போன புத்திசாலி நான்தான். முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னது அப்படி.

"மறுபடி உங்களைக் கட்டிக்கணுமான்னு யோசிக்கணும்."

கணவர் மடியில் ஒரு ஃபைல் இருந்தது.

"தாய்லாந்து வேணாம், மலேசியாதான்னு முடிவு பண்ணியாச்சு. ஓய்வுகால விசாவுக்கு இங்கயிருந்தே அப்ளை பண்ணலாம். ஒன்னையப் பொண்டாட்டின்னு காட்டக் கல்யாண சர்டிபிகேட் கேக்குறான்."

"முப்பத்தெட்டு வருசமாச் சோறாக்கிப் போட்டது பத்தாதாமா?"

"கோயில்ல தாலி கட்டுனதோட சரி, பதியலையே. பாஸ்போர்ட்டுல எம் பேரோட எங்கப்பா பேரு, ஒம் பேரோட ஒங்கப்பா பேரு. யாரோ ரெண்டு பேருன்னு நெனப்பான். திங்கக்கெழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடு."

"அன்னைக்கு என்னைய யாரும் கேக்கல. இப்ப கேட்டுத்தான வாங்குவாங்க?"

"ஆமா."

"அப்ப மலேசியாவுல எனக்கு என்ன வேலைன்னு மொதல்ல சொல்லுங்க. அங்கயும் சோறாக்கத்தான்னா நான் போடமாட்டேன்."

அவர் ஃபைலை மூடினார். "இதுல சாட்சிக்கு வேற ஆள் பிடிக்கணும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "வேணும்னா நான் வாரேன்" என்றேன்.

அம்மாள் திரும்பினார்.

"நீங்க ரெட்டியார்சத்திரத்துலயே எறங்கியிருக்கணும்."