மூணு நாள் முழிச்ச கண்ணு

செம்பாற்றில் பாலம் என்பதே இல்லாத காலம் அது. ஆற்றை ஒட்டி நத்தக்கோட்டை என்று ஓர் ஊர். ஊருக்கு மதில் கிடையாது. சுற்றிலும் முள்வேலிதான் கோட்டையாம். அதற்குத் தளபதி முத்திருளன் சேர்வை.

போருக்கு முன்னால் சேர்வை தன் கையால் வெற்றிலை கொடுப்பாராம். வாங்கிய கை அவரோடு வாழும், அவரோடு சாகும். அவர் விழுந்துவிட்டால், அவ்வளவு பேரும் வேலியை விட்டு எதிரி மேல் பாய்ந்து சாக வேண்டும். அது சத்தியம். அந்தமுறை வாங்கியவர்கள் நாற்பது பேர்.

வடக்கே இருந்து பீரங்கிப் படை வந்தது. நாற்பது பேர் வேலியைக் காக்க, பின்னால் ஊர்ச்சனம் இரண்டே பரிசலில் ஆற்றைக் கடந்தது. எல்லாரும் கடந்து முடிக்க மூன்று நாள் ஆனது. சேர்வையின் கைக்குழந்தையைத் தோளில் வைத்து நீந்தி, அக்கரையில் அத்தைக்காரியிடம் கொடுத்துத் திரும்பியவன் வயிரவன். சேர்வைக்குத் தம்பி மாதிரி.

மூன்றாம் நாள் மதியம் சேர்வையின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாராம்.

"தொடையில முள்ளு குத்திருச்சுடா. உங்க மதினி எடுத்துவிட்டதும் வாறேன்."

"முள்ளெடுக்க எம்புட்டு நேரமாகுமோ, அண்ணே!" என்று வேலியோரம் ஒரே சிரிப்பு.

வீட்டுக்குள் கட்டிலில் சாய்ந்த பிறகுதான் மனைவி நாகாத்தாள் துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். பார்த்ததும் திரும்பக் கட்டிவிட்டாள்.

வாசலில் வயிரவன் நின்று கேட்டான். "அண்ணே, கண்மாய்க் கரையை வெட்டிவிட்டா பீரங்கியெல்லாம் முங்கிரும். வெட்டிருவமா?"

"வேணாம்டா. நம்ம சனம் ஒருநாள் திரும்பி வரும். வந்தா குடிக்கத் தண்ணி வேணும். நீ வேலிக்குப் போ."

அவன் போனதும் மனைவியைப் பார்த்தார். "நாகு, எத்தனை பேரு இன்னும் கடக்கணும்?"

"இன்னும் கொஞ்சச் சனம் கரையிலதான் நிக்குது."

"அப்ப கடைசிப் பரிசல் போற வரைக்கும் நான் உசுரோட இருக்கேன்."

"இருப்பீக."

"இருக்க மாட்டேன். ஆனாலும் இருக்கேன். புரியுதா? நீ அழுதா நாப்பது பயலும் வேலியை விட்டுப் பாஞ்சிருவானுக. சனம் அம்புட்டும் சாகும். எல்லாரும் கடந்த பிறகு சொல்லு: கொடுத்த வெத்தலைய நான் திரும்ப வாங்கிக்கிட்டேன். என் பின்னால சாக எவனுக்கும் உத்தரவில்ல."

பிறகு, "பயலுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்றாராம்.

"ரெண்டு. கீழ்ப்பல்லு."

"நான் பாக்கலையே."

அதோடு போய்விட்டார்.

நாகாத்தாள் முந்தானையை வாயில் திணித்தாள். நிற்கவில்லை. அழுகை தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது. வந்ததை அப்படியே தாலாட்டாக மாற்றினாளாம் அந்த மகராசி.

"ஆராரோ ஆரிரரோ... மூணு நாள் முழிச்ச கண்ணே, நீ உறங்கு... வேலிக்கு ஆளிருக்கு, நீ உறங்கு..."

வேலியில் ஒருவன் சொன்னான். "மதினி பயலை உறங்க வைக்கிறாகடா."

வயிரவன் கையில் ஈட்டி அப்படியே நின்றது. அந்தப் பயலைக் கரை சேர்த்தவன் அவனல்லவா?

"ஆமா," என்றான். "பய உறங்குறான். நீங்க முன்னால பாருங்கடா."

அவள் பாடினாள். அவர்கள் நின்றார்கள். ஒரு பரிசல் போனது, பாடினாள். இன்னொரு பரிசல் போனது, பாடினாள். பொழுது சாய்ந்தது. கடைசிப் பரிசலும் அக்கரை தொட்டது.

வயிரவன் வாசலில் வந்து நின்றான். "மதினி, சனமெல்லாம் கரையேறிருச்சு. இனி அழுங்க."

அவளுக்கு அழ வரவில்லையாம். சேர்வையின் கடைசிச் சொல்லை மட்டும் சொன்னாள். நாற்பது பேரும் மடியில் முடிந்திருந்த வாடின வெற்றிலையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள்.

இரண்டு வருசம் கழித்துச் சனம் திரும்பி வந்தது. கண்மாய் நிறைந்து கிடந்தது.

இன்றைக்கும் நத்தக்கோட்டையில் சாவு விழுந்தால் உடனே ஒப்பாரி எழாது. செத்தது தொண்ணூறு வயசுக் கிழவரானாலும் முதலில் ஒரு தாலாட்டு. அது முடிந்ததும் வயிரவன் வம்சத்தில் ஓர் ஆள் வாசலில் வந்து நிற்பான். உள்ளே இருப்பவள் யாராக இருந்தாலும் சரி, "மதினி, சனமெல்லாம் கரையேறிருச்சு. இனி அழுங்க" என்பான்.

அதுவரைக்கும் முந்தானை வாயில்தான்.