தை மாசத்துத் தேரு

பேனா வேண்டாம் சார், பேனாவ மூடிருங்க. நானும் உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மழைக்குப் படிப்பகத்துல ஒதுங்குன ஆளு, பேப்பரப் பொரட்டுவீகன்னு பாத்தா, ஆணியில தொங்குற எங்க கையெழுத்துப் பத்திரிகைய எடுத்துட்டீக. எடுங்க, அதுக்குத்தான் தொங்குது. ஆனா அடுத்தவுக எழுதுன பக்கத்துல பேனா வைக்கப்பிடாது. இந்தாங்க பென்சில். எது தப்போ அத ஓரத்துல எழுதி, கீழ உங்க பேரப் போடணும். அடிக்கப்பிடாது, சொரண்டப்பிடாது. எழுதுன ஆளு படிச்சுப் பாத்து, சரின்னு பட்டா அவுகளே இங்க்குல மாத்திக்கிடுவாக.

பஸ்ஸா? ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான? ராஜபாளையத்துல அதுக்கா பஞ்சம், இது போனா அடுத்தது. செத்த உக்காருங்க.

யாரு போட்ட சட்டமா? நாங்கதான். ஒரு சண்டையில வந்தது சார். மில்லுல எங்கூட வேலை பாத்த சங்கையா, பள்ளிக்கூடத்து ஞானபாக்கியம் டீச்சர், நான், இன்னுங் கொஞ்சப் பேரு சேந்து மாசம் ஒண்ணுன்னு ஆரம்பிச்சோம். டீச்சர் ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரியப் பத்தி ஒரு பக்கம் எழுதுனாக. அதுல ஒரு வரி சங்கையாவுக்குப் பிடிக்கல. பிளேட வச்சுச் சொரண்டிட்டு, அவன் நெனச்சத எழுதிட்டான். அவன் சொன்னதுதான் சரி, அது வேற. ஆனா டீச்சர் இங்கன வாரதையே நிப்பாட்டிட்டாக. பொறவு பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவில்ல அவுக வீட்டு வாசல்ல போயி நின்னான். காபியக் குடுத்து, அவன் எழுதுன பக்கத்துல இருந்த தப்பையெல்லாம் பென்சில்ல குறிச்சுக் கையில குடுத்தாகளாம். சிரிச்சுக்கிட்டே வந்தான் பய. அன்னையிலருந்து இதுதான் மொறை.

அப்பெல்லாம் ஓரமே பத்தாது சார். நான் எழுதுன பக்கத்துல துண்டுத்தாள் ஒட்டி ஒட்டிச் சண்டை போடுவாக. எனக்குக் கோவங் கோவமா வரும். மனுசன் ஒரு வரி நிம்மதியா எழுத முடியலையேன்னு வீட்டுல போயிக் கத்துவேன்.

இப்பவா? டீச்சர் ரிட்டயர் ஆகி நாகர்கோவில்ல தங்கச்சி வீட்டோட போயிட்டாக. சங்கையா போன வருசம் தவறிட்டான். மத்தவுக சாயங்காலமானா டிவி முன்னாடி உக்காந்துருதாக, குத்தஞ் சொல்லல. நான் ஒருத்தந்தான் எழுதுதேன், நானே கொண்டாந்து மாட்டுதேன். மாசக் கடைசியில கழட்டிப் பாத்தா ஓரமெல்லாம் வெள்ளையாக் கெடக்கும். திரும்பத் திரும்பப் பொரட்டிப் பாப்பேன் சார்.

எது, தேரா? ஆமா, ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரு தை மாசம் ஓடும்னுதான் போட்டிருக்கு. எழுதுனது நாந்தான். சிரிங்க, உங்க ஊருத் தேரு, சிரிப்பு வரத்தான் செய்யும். பேருலயே ஆடி இருக்கு, பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும்லா.

எனக்குந் தெரியும் சார். மாசாமாசம் இப்படி ஒண்ணப் போட்டு வைக்கேன். ஏலே சுந்தரபாண்டியா, உனக்கென்ன கிறுக்கான்னு யாராச்சும் எழுத மாட்டாகளான்னுதான். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் மொத ஆளு. எழுதுங்க சார், பஸ்ஸு போனாப் போவுது. கொஞ்சம் திட்டியே எழுதுங்க.